.308 ரைஃபிளுக்குச் செம்புக் குண்டா, பித்தளைக் குண்டா? கையால் தோட்டா கட்டுகிறவர்கள் சொல்லுங்கள்

கல்லிடைக்குறிச்சிக்காரன்

அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி, வேலை கலிஃபோர்னியாவில். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்கு வந்தே ஆகவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றதால் லீவு போட்டு வந்திருக்கிறேன். திரும்பிப் போனதும் அங்கே ஒரு பண்ணையில் காட்டுப்பன்றி வேட்டைக்கு சேக்காளிகளோடு போவதாகப் பேச்சு. வேட்டை லைசென்ஸ் எல்லாம் முறையாக இருக்கிறது.

ரைஃபிள் பழைய .308 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷன், இரண்டாம் கையாக வாங்கியது. குழலின் ட்விஸ்ட், அதாவது குண்டைச் சுழற்றிவிடும் உள்வரிகளின் முறுக்கு, 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இதுவரை ரேஞ்சில் காகிதம் சுடுவதற்கு 168 கிரெய்ன் எடையுள்ள ஈயக் குண்டு வைத்து வீட்டிலேயே பிரஸ்ஸில் தோட்டா கட்டிக்கொண்டிருந்தேன். வேட்டைக்கு என்றால் அந்த மாநிலத்தில் ஈயம் கூடாது, முழுச் செம்போ வேறு ஏதோ வேண்டும். கேள்வி இதுதான்: செம்பு நல்லதா பித்தளை நல்லதா? எடையை அதே 168-ஆக வைத்துக்கொண்டு, நான் போடும் அதே வெடிமருந்தை அதே அளவில் போட்டுக் கட்டலாமா? எடை ஒன்றுதானே, என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று ரேஞ்சில் ஒருவர் சொன்னார்.

இன்னொன்று. அத்தான் பேட்டை தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார், பித்தளையில் எந்தச் சாமானும் நூல் பிசகாமல் கடைந்து தருவார். அளவு கொடுத்து அவரிடம் பித்தளைக் குண்டு கொஞ்சம் கடைந்து எடுத்துக்கொண்டு போகலாமா என்றும் ஒரு யோசனை ஓடுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேட்டை லேத்து

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம், இது உடனே நிற்க வேண்டிய விஷயம். அத்தானிடம் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவில் ஆயுதமும் தோட்டாவும் செய்யத் தனி லைசென்ஸ் வேண்டும் என்று இருக்கிறது. அது இல்லாமல் செய்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு. வெறும் உலோகத் துண்டுதானே, மருந்தா இருக்கிறது, அதைப் பற்றவைக்கும் பிரைமரா இருக்கிறது என்று நாம் வாதாடலாம், ஆனால் அந்த வாதத்தை அத்தான் பட்டறையைப் பூட்டிவிட்டு கோர்ட்டில் நின்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். பிழைப்பு நடத்துகிற மனுஷனை அந்த இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. விமான நிலையத்தில் பையில் ஒரு காலித் தோட்டா கிடந்ததற்கே ஆளை இறக்கி விசாரிக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

சட்டத்தை விடுங்கள், உலோகமாகப் பார்த்தாலும் இது வேலைக்கு ஆகாது. நானும் லேத்துக்காரன்தான், முப்பாட்டன் காலத்தில் வாகைக்குளம் பக்கம் பாத்திர வேலை, நான் கம்பிக்கு மாறிவிட்டேன். நம் கடைகளில் பித்தளைக் கம்பி என்று கேட்டால் எடுத்துத் தருவது ஐ.எஸ். 319 ரகம். அதைக் கடைகிறபோது சீவல் சுருளாக வராது, ஊசிப் பொடியாக உடைந்து தட்டில் கொட்டும், டூல் சூடேறாது, மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வரும். அப்படி வருவதற்குக் காரணமே அதில் கலந்திருக்கும் ஈயம்தான், நூற்றுக்கு 2, 3 பங்கு. அமெரிக்காவில் சி360 என்று விற்கிற பித்தளையும் அதே கதை, செம்பு 60-க்குச் சற்று மேல், ஈயம் கிட்டத்தட்ட 3, மீதி துத்தநாகம். கலிஃபோர்னியா விதிப்படி குண்டின் எடையில் ஈயம் நூற்றுக்கு 1-ஐத் தாண்டினால் அது ஈயமில்லாக் குண்டு என்ற கணக்கில் வராது. ஆக ஈயத்துக்கு மாற்று என்று நினைத்துக் கடைகிற பித்தளையே அங்கே தடைபட்ட பொருள் ஆகிவிடும். பித்தளைக் குண்டு கடையில் வாங்கினாலும் எந்தக் கலவை என்று பெட்டியையும் கம்பெனியின் தளத்தையும் பார்த்து, மாநிலத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

சுத்தச் செம்பு கடைவது இன்னும் தொல்லை. நீளநீளமாக ரிப்பன் மாதிரி வந்து டூலையும் சக்கையும் சுற்றிக்கொள்ளும், பிசுபிசுப்பாக இழுக்கும், அளவு நிற்காது. அதனால்தான் கடைந்து செய்கிற கம்பெனிகளில் சில டெல்லூரியம் கொஞ்சம் கலந்த செம்பை எடுக்கின்றன, சீவல் உடையும், ஈயமும் இல்லை. பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் கடைவதே இல்லை, கம்பியை வெட்டி அச்சில் அழுத்தித்தான் செய்கின்றன.

தென்காசிச் சாரல்

லேத்து அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இனி தோட்டா கட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்காலம் பூராவும் இடாஹோவில் இருந்துவிட்டு இப்போது இலஞ்சியில் வந்து உட்கார்ந்திருக்கிறேன், அங்கே இருந்த நாளெல்லாம் செம்புக் குண்டுதான் கட்டினேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ரேஞ்சு நண்பர் சொன்ன "எடை ஒன்றுதானே" என்ற பேச்சில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. குண்டைத் தேர்ந்தெடுக்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் எடையைப் பார்க்காதீர்கள், நீளத்தைப் பாருங்கள். ஈயத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 11.3 கிராம், செம்பு 8.96, பித்தளை 8.5 பக்கம். ஒரே எடை வேண்டுமென்றால் செம்பு அதிக இடத்தைப் பிடிக்கும், பித்தளை அதைவிடக் கூடுதல். குழலின் விட்டம் மாறாது, ஆகவே அந்தக் கூடுதல் எல்லாம் நீளத்தில்தான் போகும். சாதாரண ஈயக் குண்டிலும் செம்பு உறை இருக்கிறது என்பதால் நடைமுறையில் வித்தியாசம் அடர்த்திக் கணக்கு காட்டுகிற அளவுக்கு இருக்காது, ஆனால் இருக்கும்.

நீளம் கூடினால் இரண்டு இடத்தில் உதைக்கும். ஒன்று, ட்விஸ்ட். நீளமான குண்டு நிலைத்துப் பறக்க வேகமான சுழற்சி வேண்டும், உங்கள் 12 அங்குலக் குழல் மெதுவானது. மில்லர் சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது, எடை, விட்டம், நீளம், ட்விஸ்ட் நாலையும் போட்டால் நிலைத்தன்மைக்கு ஒரு எண் வரும், 1.5-க்கு மேல் இருந்தால் நிம்மதி, 1-க்குக் கீழே போனால் குண்டு குட்டிக்கரணம் போட்டு காகிதத்தில் பக்கவாட்டில் நுழையும். 168 கிரெய்னில் 1.2 அங்குல நீள ஈயக் குண்டு என்று வைத்துக்கொண்டு உங்கள் குழலுக்குப் போட்டால் 1.8 வரும். அதே 168 செம்பில் 1.4 அங்குலம் ஆகிவிட்டது என்று வையுங்கள், 1.15-க்கு இறங்கிவிடும். எடை மாறவில்லை, 0.2 அங்குல நீளம்தான் மாறியது. அதே குண்டு 10 அங்குல ட்விஸ்ட் குழலில் 1.65-ஐத் தொடும், அங்கே பிரச்சினை இல்லை. குளிர்காலத்தில், கடல்மட்டத்தில் காற்று அடர்த்தியாக இருக்கும்போது இந்த எண் இன்னும் குறையும். 1.15 என்றால் பறக்கத்தான் செய்யும், ஆனால் குழுமம், அதாவது குண்டுகள் காகிதத்தில் சேர்ந்து விழும் வட்டம், அகலும், பன்றிமேல் பட்டபிறகு நேராக உள்ளே போகுமா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. செம்புக் குண்டு நேராகப் போனால்தான் முனை சரியாகத் திறக்கும்.

இரண்டாவது உதை, கூட்டுக்குள்ளே, அதாவது மருந்தும் குண்டும் அடங்கும் பித்தளைக் குப்பிக்குள்ளே. .308-க்கு மொத்தத் தோட்டா நீளம் அதிகபட்சம் 2.810 அங்குலம் என்று வரையறை. மேகசினும் அதைத் தாண்ட விடாது. ஆகவே குண்டு நீளமானால் அந்த நீளம் முன்னால் போகாது, பின்னால், கூட்டுக்குள் மருந்து இருக்கிற இடத்துக்குள் இறங்கும். இடம் குறைந்தால் அதே மருந்து அதிக அழுத்தத்தைக் கொடுக்கும். அப்புறம் செம்பு ஈயத்தைப்போல் நசுங்கிக் கொடுக்காது, குழலின் வரிகளுக்குள் புகும்போது முறுக்கிக்கொண்டு நிற்கும், அதுவும் அழுத்தம். ஈயக் குண்டுக்கு எழுதிய அளவைச் செம்புக்குப் போடக் கூடாது என்று தோட்டா கட்டும் அளவு போட்ட எல்லா ஏடும் தலையில் அடித்துக்கொண்டு சொல்வது இதனால்தான். உங்கள் பழைய மருந்து அளவு எதுவாக இருந்தாலும் அதை மறந்துவிடுங்கள். எந்தக் கம்பெனியின் எந்தக் குண்டு வாங்குகிறீர்களோ அந்தக் குண்டின் பெயர் போட்டு அந்தக் கம்பெனி வெளியிட்ட அளவு மட்டும்தான். அதில் ஆரம்ப அளவு என்று ஒன்று போட்டிருப்பார்கள், அங்கேதான் தொடங்க வேண்டும். இன்னொரு கம்பெனியின் செம்புக் குண்டு அளவைக்கூட இதற்குப் போடக் கூடாது, ஒவ்வொன்றும் உரசும் பரப்பு வேறு, கலவை வேறு. இணையத்தில் முகம் தெரியாதவர் எழுதிய அளவு வேண்டவே வேண்டாம், நான் எழுதினாலும் சரி, அதனால்தான் இங்கே ஒரு கிரெய்ன் கணக்குகூட எழுதவில்லை.

இனி எதை வாங்குவது என்பது. மூன்று சாதி இருக்கிறது. சுத்தச் செம்பில் முனையில் குழி வைத்தவை, பார்ன்ஸ் 1989-இல் எக்ஸ் என்று கொண்டுவந்த வழி. அந்த முதல் எக்ஸ் உடம்பு வழவழவென்று இருந்ததால் குழலில் செம்பை அப்பிக்கொண்டே போகும், சில ரைஃபிளில் அழுத்தமும் குதிக்கும். 2003-இல் உடம்பைச் சுற்றி வளையக் காடி வெட்டி டி.எஸ்.எக்ஸ் என்று விட்டார்கள், உரசும் பரப்பு குறைந்தது, தலைவலி பாதி தீர்ந்தது, இன்றைக்குப் பலரும் காடி வெட்டுவது அந்த வழியில்தான். பிற்பாடு பிளாஸ்டிக் முனை வைத்தது டி.டி.எஸ்.எக்ஸ். இரண்டாவது சாதி, 95 பங்கு செம்பும் 5 பங்கு துத்தநாகமும் கலந்த கில்டிங் மெட்டல், சாதாரணக் குண்டின் உறை செய்கிற அதே உலோகம். நாஸ்லர் இ-டிப் அப்படி. செம்பைவிடச் சற்றுக் கடினம், குழலில் அப்புவது குறைவு. மூன்றாவதுதான் நீங்கள் கேட்கிற நிஜப் பித்தளை. அது பெரும்பாலும் பட்டதும் முனை விரிந்து மலராத குண்டு, ஆப்பிரிக்காவில் யானைக்கும் எருமைக்கும் எலும்பைத் துளைத்து ஆழமாகப் போவதற்கு. பன்றிக்கு அதைப் போட்டால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் பென்சில் ஓட்டையாக வெளியே போய், விலங்கு புதருக்குள் ஓடி எங்கோ கிடந்து துடிக்கும், பின்னால் நிற்கும் பன்றிக்கும் படும். வேட்டையாடுகிறவன் அதைச் செய்யக் கூடாது. பித்தளைக்கு இன்னொரு சட்டச் சிக்கலும் உண்டு. கைத்துப்பாக்கியிலும் போட வாய்ப்புள்ள குண்டு முழுக்கப் பித்தளையாக இருந்தால் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் அதைக் கவசம் துளைப்பது என்ற வகையில் சேர்க்கக்கூடும். அந்தப் பட்டியலில் பித்தளை, வெண்கலம், எஃகு, டங்ஸ்டன் எல்லாம் இருக்கிறது, சுத்தச் செம்பு இல்லை.

ஆகவே உங்களுக்குச் செம்பு. அதிலும் ஒரு படி எடை குறைத்து வாங்குங்கள். ஈயக் குண்டு மலரும்போது சிதறி எடையை இழக்கும், அதை ஈடுகட்டத்தான் பெரிய எடை போட்டார்கள். செம்புக் குண்டு சிதறாது. விலங்கின் தோலுக்கடியில் அகப்பட்ட ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும், பின்பாதியில் குழலின் வரி அப்படியே சாய்வாகப் பதிந்து பளபளக்கும், முன்பாதி நாலு இதழாகப் பிளந்து பின்னோக்கி மடங்கி உடம்போடு ஒட்டியிருக்கும், தராசில் வைத்தால் ஏறத்தாழ முழு எடையும் இருக்கும். அப்படி இருக்கும்போது 168 எதற்கு? .308-இல் 130-உம் 150-உம் தாராளம். எடை குறைந்தால் நீளம் குறையும், உங்கள் மெதுவான ட்விஸ்ட்டுக்குப் பொருந்தும், வேகமும் கூடும். அந்த வேகம் முக்கியம், ஏனென்றால் செம்பு மலர வேகம் வேண்டும், பல குண்டுகளுக்கு நொடிக்கு 1,800 முதல் 2,000 அடி வரை கேட்கும், அதற்குக் கீழே போனால் இதழ் விரியாமல் பித்தளைக் குண்டைப் போலவே நடந்துகொள்ளும். கம்பெனி அந்தக் கீழ்வரம்பு வேகத்தைச் சொல்லும். உங்கள் குழலில் வருகிற வேகத்தைக் குரோனோகிராஃபில் அளந்து, எத்தனை கெஜத்தில் அந்த வரம்புக்கு இறங்குகிறது என்று கணக்குப் போட்டு, அந்தத் தூரத்துக்கு மேல் சுடுவதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

குண்டைக் கூட்டில் எவ்வளவு ஆழம் குத்துவது என்பதிலும் பழக்கம் மாற வேண்டும். ஈயக் குண்டில் குழலின் வரி தொடங்கும் இடத்தை ஒட்டி வைத்தால் நன்றாகச் சுடும் என்று பலர் பழகியிருக்கிறார்கள். செம்பு அப்படி ஒட்டி வைத்தால் அழுத்தம் எகிறும். வரியிலிருந்து 0.050 அங்குலம் தள்ளி வைத்து ஆரம்பியுங்கள், பல செம்புக் குண்டுகளுக்கு அங்கேதான் குழுமம் சுருங்கும், சிலவற்றுக்கு இன்னும் பின்னே. கூட்டின் வாயை உள்பக்கம் நன்றாகச் சாய்த்துச் சீவிவிடுங்கள், இல்லையென்றால் குண்டு இறங்கும்போது காடியின் விளிம்பில் செம்புச் சீவல் உரிந்து வரும்.

கடையம் தோட்டக்காரர்

இடையில் வந்து கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கம் வாழையும் நெல்லும் பன்றியிடம் படுகிற பாட்டைச் சொல்லி மாளாது, ஒரு ராத்திரியில் குலை தள்ளின வாழையை வேரோடு சாய்த்துவிட்டுப் போகிறது. பெரியப்பா பெயரில் ஒரு .315 லைசென்ஸ் ரைஃபிள் இருக்கிறது. அதற்கு இந்தச் செம்புக் குண்டு கிடைக்குமா, அண்ணாச்சி சொல்கிற மாதிரி கையால் கட்டிக்கொள்ளலாமா?

பேட்டை லேத்து

வேண்டாம் அண்ணாச்சி. .315-க்கு லைசென்ஸில் எழுதியிருக்கிற எண்ணிக்கையில் லைசென்ஸ் உள்ள கடையில் வாங்குகிற தோட்டாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கையால் கட்டுவதற்கு முன்னே சொன்ன அதே 5-ஆவது பிரிவு நிற்கிறது. பன்றியை நாம் சுடவும் முடியாது. 2025 ஜனவரியில் அரசு அறிவித்த முறைப்படி காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடவே கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ. தாண்டி வந்தால் மட்டும் சுடலாம், அதுவும் வனத்துறை ஆள்தான். உங்கள் தோட்டம் எந்தக் கணக்கில் வருகிறது என்று கடையம் வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். பயிர்ச் சேதத்துக்கு வி.ஏ.ஓ.விடமும் மனு கொடுத்து வையுங்கள்.

நாங்குநேரிக் குளக்கரை

கால்நடை மருத்துவம் படித்தவள், பறவைகள்மேல் பிரியம், துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஈயம் ஏன் வேண்டாம் என்பதை யாரும் சொல்லவில்லை, "சட்டம் சொல்கிறது" என்பதோடு நின்றுவிட்டால் அது சுமையாகத்தான் தோன்றும், அதனால் எழுதுகிறேன்.

ஈயக் குண்டு உடம்புக்குள் போய் உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகக் காயத்தைச் சுற்றிப் பரவுகிறது. சுட்ட மானை எக்ஸ்ரே எடுத்தால் ஓட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளிக்கூட வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரியும். வேட்டைக்காரர் குடலை எடுத்துக் காட்டில் போட்டுவிட்டு வருகிறார், அதைத் தின்ன வருவது பாறுக் கழுகு. அவற்றின் வயிற்று அமிலம் மிகவும் கடுமை, ஈயம் அதில் கரைந்து நேரே ரத்தத்தில் கலக்கும். இரைப்பை வேலை செய்வது நின்று, தின்ன இரை இருந்தும் பட்டினியால் சாகும். கலிஃபோர்னியா காண்டோர் என்ற அந்த ஊர்ப் பாறு 1982-இல் மொத்தமே 22 தான் மிஞ்சின. 1987-இல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்து இனம் பெருக்கி மறுபடி விட்டார்கள். விட்ட பறவைகளில் திரும்பத் திரும்பச் சாவுக்குக் காரணமாக வந்தது ஈயம்தான். அதனால்தான் முதலில் காண்டோர் பறக்கிற பகுதிக்கும், பிறகு 2013-இல் போட்ட சட்டத்தின்படி படிப்படியாக 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதற்கும் வேட்டையில் ஈயம் கூடாது என்று வந்தது. நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சில்லு கூடாது என்று அமெரிக்கா முழுக்க 1991-லேயே வந்துவிட்டது. வாத்துகள் சேற்றில் கிடக்கும் சில்லைக் கல் என்று நினைத்து விழுங்கும், அரைவைப்பையில் அது அரைபட்டு விஷமாகும்.

இங்கே நம் பாறுக் கழுகுகளைக் கொன்றது ஈயம் இல்லை, மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து. 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள், அதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது. எங்கள் தாத்தா காலத்தில் நாங்குநேரிப் பக்கம் செத்த மாட்டைச் சுற்றிப் பாறு இறங்கும் என்று சொல்வார், நான் ஒன்றைக்கூட இங்கே பார்த்ததில்லை. கூந்தன்குளத்தில் செங்கால் நாரையும் பூநாரையும் வந்து இறங்குவதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும், ஊர்க்காரர்கள் வெடிகூடப் போடாமல் காப்பாற்றுகிற இந்தக் குளத்தை நினைத்து மனது நிறைகிறது. கல்லிடைக்குறிச்சித் தம்பி, நீங்கள் பெட்டிக்குக் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிற அந்தச் செம்பால் எங்கோ ஒரு பறவை பிழைக்கிறது. உங்கள் வீட்டுச் சட்டியில் வேகிற கறிக்கும் அதே நன்மை. 2008-இல் வடக்கு டகோட்டாவில் 738 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது வேட்டைக் கறி தின்கிறவர்களுக்கு ஈயம் சற்றுக் கூடுதலாகத்தான் இருந்தது. சிறு அளவுதான், ஆனால் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈயத்தில் இந்த அளவு பரவாயில்லை என்று எதுவும் கிடையாது.

கல்லிடைக்குறிச்சிக்காரன்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அத்தான் பட்டறை யோசனையை அப்போதே விட்டுவிட்டேன் லேத்து அண்ணாச்சி. அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், பாறுக் கழுகு பற்றிச் சொன்னதும் அவளும் தாமிரபரணிக் கரையில் சின்ன வயதில் பார்த்த கதை சொன்னாள்.

சாரல் அண்ணாச்சி, இன்னும் இரண்டு சந்தேகம். 130-ஆ 150-ஆ என்று ஒன்றைச் சொல்லுங்கள், அங்கே சுடுகிற தூரம் 200 கெஜத்துக்குள்தான் இருக்கும். இத்தனை நாளும் ஈயக் குண்டு சுட்ட குழலில் அப்படியே செம்பைப் போட்டுச் சுடலாமா, இல்லை ஏதாவது செய்ய வேண்டுமா? அழுத்தம் அதிகமாகிறது என்று வீட்டில் இருந்தபடி எப்படிக் கண்டுபிடிப்பது?

தென்காசிச் சாரல்

130 எடுங்கள் தம்பி. 130 கிரெய்ன் குண்டு 1.1 அங்குலம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் உங்கள் குழலில் 1.8 வருகிறது, ஈயக் குண்டில் இருந்த அதே நிம்மதி. 150-ஐ 1.25 அங்குலம் என்று வைத்தால் 1.43, அதுவும் ஓடும், ஆனால் குளிர்ந்த காலையில் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும். வாங்கினதும் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து காலிப்பரில் நீளம் அளந்து, நான் சொன்ன எண்ணை நம்பாமல் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் முனை இருந்தால் அந்த முனையின் நீளத்தையும் சேர்த்துப் போட்டால் சூத்திரம் தேவைக்கு மேல் பயமுறுத்தும், முனைக்கு எடையே இல்லை என்பதால். சில கம்பெனிகள் இந்த வகைக் குண்டுக்கு எந்த ட்விஸ்ட் போதும் என்று பெட்டிமேலேயே போட்டுவிடும், அது இருந்தால் அதுதான் கடைசி வார்த்தை. 200 கெஜத்துக்குள் 130 இன்னும் போதிய வேகத்தோடு இருக்கும், இதழ் விரிவதைப் பற்றிக் கவலை இல்லை. நுரையீரலுக்குப் பின்னால் மென்மையான இடத்தில் சுடுவதைவிடத் தோள்பட்டையை ஒட்டிச் சுடுங்கள், செம்பு எலும்பை மதித்து நிற்காது, பன்றி நின்ற இடத்தில் விழும், கறியும் அதிகம் கெடாது.

குழலை அவசியம் சுத்தம் செய்ய வேண்டும். இதைப் பலபேர் விட்டுவிட்டு, செம்புக் குண்டு என் ரைஃபிளுக்கு ஆகாது என்று பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஈயக் குண்டின் உறை குழலுக்குள் ஒரு கலவையை அப்பிவிட்டுப் போயிருக்கும், அதன்மேல் வேறு கலவைச் செம்பு ஓடினால் குழுமம் சிதறும், அழுக்கும் அடுக்கடுக்காகச் சேரும். செம்பு கரைக்கிற கரைசலை நனைத்துத் துணியை விட்டால் துணி நீலமாக வரும். கொஞ்ச நேரம் ஊறவிட்டு மறுபடி, மறுபடி, துணியில் நீலம் வராமல் வெளுப்பாக வரும்வரை விடாதீர்கள். பழைய ரைஃபிள் என்றால் இதற்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போகலாம். ஒன்று, பிரஷ்ஷும் பித்தளையாக இருந்தால் அதுவே கரைந்து நீலத்தைக் காட்டி உங்களை ஏமாற்றும், நைலான் பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்த குழல் முதல் சில குண்டுகளை வேறு இடத்தில் போடும், அது அடங்கிய பிறகுதான் குழுமத்தைப் பாருங்கள். அப்புறம் ரேஞ்சில் ஈயம், வேட்டைக்குச் செம்பு என்று மாற்றி மாற்றிச் சுடாதீர்கள். காகிதம் சுடுவதற்குச் சட்டம் ஈயத்தைத் தடுக்கவில்லைதான், ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் விழாது, வேட்டைக்கு முன் ஸ்கோப்பைச் செம்புக்கே பூஜ்யம் செய்து விட்டுவிடுங்கள்.

அழுத்தத்துக்கு வருவோம். வீட்டில் இருந்தபடி அழுத்தத்தை அளக்க முடியாது, அறிகுறியைத்தான் பார்க்க முடியும், அறிகுறி தெரிகிறபோது ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். குரோனோகிராஃப்தான் முதல் காவல். ஏடு சொல்கிற உச்ச அளவுக்கு ஏடு சொல்கிற வேகம் உங்களுக்குக் கீழ் அளவிலேயே வந்துவிட்டால், உங்கள் குழலில் அழுத்தமும் அங்கே போய்விட்டது, அதற்குமேல் ஒரு துளி ஏற்றாதீர்கள். போல்ட்டின் கைப்பிடி வழக்கத்தைவிடக் கனமாகத் தூக்குகிறதா, பிரைமர் விளிம்புவரை தட்டையாகப் பரவியிருக்கிறதா, கூட்டின் அடியில், அதை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளை வட்டம் பளிச்சென்று பதிந்திருக்கிறதா, இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்குச் சுடுவதை நிறுத்தி, மீதித் தோட்டாக்களைக் கழற்றிவிடுங்கள். ஆரம்ப அளவில் தொடங்கிச் சின்னச் சின்னப் படியாக ஏறுங்கள், நல்ல குழுமம் உச்சத்துக்குக் கீழேயே வந்துவிட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள், இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்குமே என்று துரத்த வேண்டாம். மருந்து டப்பாவின் லாட் எண் மாறினால் மறுபடி கீழே இறங்கித் தொடங்க வேண்டும். கலிஃபோர்னியா உள்நாட்டு வெயிலில் தோட்டாவைக் கார் டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், சூடேறிய மருந்து அழுத்தத்தைக் கூட்டும், அதிலும் சில ரக மருந்து வெப்பத்துக்கு ரொம்பவே துள்ளும்.

பெட்டி வாங்கினதும் குண்டின் பெயர், அளந்த நீளம், கம்பெனி ஏட்டில் உங்கள் மருந்துக்குப் போட்டிருக்கும் ஆரம்ப அளவு, உச்ச அளவு, தோட்டா நீளம் எல்லாம் எழுதி இங்கே போடுங்கள். ஏட்டோடு ஒத்துப்போகிறதா என்று நானும் ஒரு தடவை பார்த்துச் சொல்கிறேன்.